அதிகாலை டியூஷனா, ஹாஸ்டலா, அத்தை வீடா: பிளஸ் டூ பிள்ளையின் உறக்கத்துக்கு எது வழி?

தாமிரபரணிக் கரையோர ஊர்களிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் சென்று படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளையை அதிகாலை டியூஷனுக்கு அனுப்புவதா, ஹாஸ்டலில் சேர்ப்பதா, பாளையங்கோட்டையில் இருக்கும் உறவினர் வீட்டில் விடுவதா, அல்லது டியூஷனையே குறைத்துக்கொண்டு ஊரிலிருந்தே போய்வரச் சொல்வதா? மதிப்பெண், செலவு, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் வைத்தே இதை முடிவு செய்கிறோம். எந்த வழியில் பிள்ளை எத்தனை மணி நேரம் உறங்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலும் போடவில்லை. கடந்த ஆவணியில் ஒருநாள் என் மகளின் வேதியியல் நோட்டை எடுத்துப் பார்த்த பிறகுதான் போட்டோம்.

அவை காலை 6.30 மணி டியூஷனில் எழுதிய பக்கங்கள். முதல் நான்கு வரிகள் அவளுடைய வழக்கமான உருண்டைக் கையெழுத்தில் இருந்தன. ஐந்தாவது வரியில் எழுத்து சரிந்தது. ஆறாவதில் ‘வினைவேக மாற்றி’ என்று தொடங்கிய சொல் ‘வினைவே’ என்பதோடு நின்று, அங்கிருந்து பேனா இழுத்த நீலக் கோடு பக்கத்தின் ஓரம் வரை போயிருந்தது. அதற்குக் கீழே மறுபடியும் தெளிவான எழுத்து. அந்த நோட்டில் இப்படி ஒன்பது பக்கங்கள் இருந்தன. விழித்திருப்பதுபோல் தோன்றும்போதே சில நொடிகள் மூளை உறங்கிவிடுவதன் தடயம் அது. அவளிடம் கேட்டபோது, “எம்மா, படுத்தா உறக்கம் வரல, பஸ்ஸுல கம்பியப் பிடிச்சு நின்னா கண்ணு சொக்குது” என்றாள். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களாக அவள் சிடுசிடுத்ததையும், சின்ன விஷயங்களுக்கு அழுததையும், ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் பேசாமல் படுத்துக்கிடந்ததையும் நாங்கள் பரீட்சைப் பயம் என்றே எடுத்துக்கொண்டிருந்தோம்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது, உறக்க மருத்துவ வல்லுநர்கள் 2016-இல் கூடி வகுத்த அளவு. எங்கள் மகள் இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 4.15-க்கு எழுந்துகொண்டிருந்தாள். படுத்ததும் உறங்கினாள் என்றே வைத்துக்கொண்டாலும் அது ஐந்தேகால் மணி நேரம்தான். குறைந்தபட்ச அளவான எட்டு மணி நேரத்துக்கு நாளொன்றுக்கு இரண்டேமுக்கால் மணி நேரம் குறைகிறது. பள்ளி நடக்கும் ஐந்து நாள்களில் அது பதின்மூன்றேமுக்கால் மணி நேரமாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை உறங்கினாலும் இந்தக் கடன் தீராது. அன்று அவ்வளவு நேரம் உறங்கிய காரணத்தாலேயே ஞாயிறு இரவு கண் மூட நேரமாகி, திங்கட்கிழமை விடிகாலை இன்னும் கொடியதாகிவிடும்.

இரண்டாவதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது என்பது. உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்ற சுரப்பு, சிறு பிள்ளைகளுக்குச் சுரக்கும் நேரத்தைவிட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை தாமதமாகப் பதின்வயதினருக்குச் சுரக்கத் தொடங்குகிறது. பத்து வயதில் எட்டரை மணிக்கே சுருண்டு படுத்த பிள்ளை பதினாறு வயதில் பத்தரை மணிக்கும் விழித்திருப்பது பிடிவாதத்தினால் மட்டும் அன்று. காலையில் எழுப்பினால் எழாமல் கிடப்பதைச் சோம்பல் என்று திட்டுவதும் பல நேரம் அநியாயம். நான் திட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, உறக்கத்துக்கும் மனத்துக்கும் உள்ள உறவு. உறக்கம் குறையும்போது பயத்தையும் கோபத்தையும் எழுப்பும் மூளைப் பகுதிகள் மிகையாகத் துடிக்கின்றன. அவற்றை அடக்கி நிதானப்படுத்தும் மூளையின் முன்பகுதியின் பிடி தளர்கிறது. மனச்சோர்வும் பதற்றமும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. கெட்ட உறக்கம் அந்தச் சோர்வையும் பதற்றத்தையும் மேலும் வளர்க்கிறது. எது முதலில் வந்தது என்று வீட்டில் இருப்பவர்களால் பெரும்பாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால், உறங்குவதற்கான நேரத்தைக் கொடுத்துப் பார்ப்பது வீட்டாரின் கையில் இருக்கிறது.

இனி வழிகளுக்கு வருகிறேன். முதலாவது, எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகள் கேள்வியே இல்லாமல் எடுத்துக்கொள்ளும் வழி: நான்கு மணிக்கு எழுப்புவது. “விடியக்காலையில படிச்சாத்தான் மனசுல நிக்கும், எந்திரி தாயி” என்று என் மாமியார் பேத்தியை எழுப்புவார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. அந்நேரத்தில் வீடும் தெருவும் அமைதியாக இருக்கும், வெக்கை தணிந்திருக்கும், போனில் யாரும் அழைக்க மாட்டார்கள். ஆனால், அவருடைய காலத்தில் எட்டு மணிக்குள் ஊரே விளக்கை அணைத்துவிட்டது. நான்கு மணிக்கு எழுந்தவர்கள் எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தவர்கள். நாம் எழும் நேரத்தை மட்டும் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு, படுக்கும் நேரத்தை அங்கேயே விட்டுவிட்டோம். இதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. கனவுகள் மிகுதியாக வரும் உறக்கக் கட்டம் இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் அதிகம் அமைகிறது. அன்றைய நிகழ்ச்சிகளின் உணர்ச்சிச் சூட்டைத் தணித்து நினைவில் அடுக்கும் வேலையில் அந்தக் கட்டத்துக்குப் பங்கு உண்டு. நான்கு மணிக்கு எழுப்பும்போது நாம் வெட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

அப்படியானால் இரவு எட்டேகாலுக்கே படுக்கவைத்துவிடலாமே என்று தோன்றும். பள்ளியிலிருந்து ஆறேகாலுக்கு வீடு திரும்பும் பிள்ளைக்கு அது முதலிலேயே கடினம். நாங்கள் ஒன்பது மணியை வைத்து இரண்டு வாரம் முயன்றோம். பட்டாசலில் (கூடத்தில்) விளக்கை அணைத்து, டிவியையும் நிறுத்தினோம். அவள் ஒன்பது மணிக்குப் படுத்து, பத்தேமுக்கால் வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உறக்கம் வராமல் கிடக்கும் அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில்தான் பரீட்சை, மதிப்பெண், தோழி சொன்ன சொல் எல்லாம் வந்து மனத்தில் மொய்க்கின்றன. இயல்பிலேயே சீக்கிரம் கண் சொக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களுக்கு நான்கரை மணிப் படிப்பு நன்றாகவே பொருந்தும். எட்டரை, ஒன்பது மணிக்குப் படுத்து அரை மணி நேரத்துக்குள் உறங்கி, ஞாயிற்றுக்கிழமையும் தானாகவே ஐந்து மணிக்கு விழிக்கும் பிள்ளையா என்று பார்த்துவிட்டு இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுகிறது என்பது காரணமாகாது.

இரவில் நெடுநேரம் படித்துக் காலையில் ஏழு மணிக்கு எழுவது, பள்ளிக்கு நடந்து போகும் தொலைவில் இருப்பவர்களுக்கு ஒத்துவரலாம். அவர்களும்கூடப் பதினொன்றைத் தாண்டினால் எட்டு மணி நேரம் கிடைக்காது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கணக்கிலேயே வராது. தவிர, இரவுப் படிப்போடு காப்பியும் போனும் சேர்ந்துகொள்கின்றன. காப்பியில் இருக்கும் காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்குவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். ஏழு மணிக்குக் குடித்த காப்பியின் பாதி நள்ளிரவிலும் வேலை செய்துகொண்டிருக்கும். வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குழுவில் வருவதால் போனை முற்றிலும் பிடுங்க முடியாது. படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அதை அடுக்களையில் வைத்துவிடலாம். பங்குனி, சித்திரையில் கோயில் கொடைவிழா நடக்கும் ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழா நாள்களில் நள்ளிரவு வரை விலக்கு அளிக்கவும் அவற்றில் இடம் இருக்கிறது. வில்லுப்பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. தேர்வு நாள்களில் ஒலிபெருக்கிக் குழாயைப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் தெருவின் பக்கம் திருப்பாதீர்கள் என்று விழாக் குழுவிடம் முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஹாஸ்டல் என்ற வழியை நான் மிகுந்த ஆசையோடு பார்த்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. போக வரச் செலவாகும் மூன்று மணி நேரம் அப்படியே மிச்சம். அந்த மூன்று மணி நேரத்தை உறக்கத்துக்குக் கொடுத்தால் கதை முடிந்தது. ஆனால், விசாரிக்கப் போன இடத்தில் அந்த நேரம் படிப்புக்குத்தான் போய்ச் சேர்கிறது என்பது தெரிந்தது. இரவுப் படிப்பு 10.30 வரை, காலை மணி 4.45-க்கு. அங்கே இருந்தால் எங்கள் மகள் ஆறேகால் மணி நேரம் உறங்குவாள். வீட்டைவிட ஒரு மணி நேரம் அதிகம்தான், ஆனால் தேவைக்குக் கீழேதான். எல்லா ஹாஸ்டலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சேர்க்கப் போகும் பெற்றோர் கட்டணத்தையும் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு, விளக்கு எத்தனை மணிக்கு அணையும், காலை மணி எத்தனை மணிக்கு அடிக்கும், ஓர் அறையில் எத்தனை பேர், ஞாயிறும் அதே நேரம்தானா, உடம்புக்கு முடியாத பிள்ளை பகலில் படுக்க இடம் உண்டா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு வார்டன் தயங்காமல் பதில் சொல்கிறாரா என்பதும் ஒரு பதில். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் எனக்கு இருந்தது. ஏற்கெனவே முகம் வாடி, பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளையை, அந்த வாட்டத்தைக் கண்டுகொள்ளும் மனிதர்களிடமிருந்து பிரித்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. மனம் தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு ஹாஸ்டல் நல்ல வழியாக அமையலாம். மனம் சோர்ந்திருக்கும்போது இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

உறவினர் வீடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் நாத்தனார் வீடு பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. மகளுக்கு அத்தையிடம் ஒட்டுதலும் உண்டு. ஆனால், அங்கே அவள் படுக்க வேண்டிய இடம் கூடம், கூடத்தில்தான் டிவி, நாத்தனாரின் கணவர் கடையடைத்துவிட்டு வருவது பத்தரைக்கு. யாரிடமும் குறை இல்லை. தனி அறை இருக்கும் உறவினர் வீடு அமைந்தவர்களுக்கு இதுவே ஆகச் சிறந்த வழியாகலாம். தனியாக வீடு பிடித்துத் தாயும் பிள்ளையும் குடிபெயர்வதும் நடக்கிறது. அம்மா பீடி சுற்றியோ வயல்வேலை செய்தோ குடும்பத்தைத் தாங்கும் வீடுகளில் அதைப் பற்றிப் பேசவே முடியாது.

கடைசி வழி, அதிகாலை டியூஷனை விடுவது. இதற்குத்தான் நாங்கள் மிகவும் அஞ்சினோம், இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014-இல், நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்பாகத் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016-இல் தன் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியது. அங்கே மாணவர்களை அளந்து பார்த்த ஆய்வில் நாளொன்றுக்கு 34 நிமிடம் உறக்கம் கூடியிருந்தது தெரிந்தது. கலிபோர்னியா 2019-இல் இதற்கெனச் சட்டமே இயற்றி 2022 ஜூலையில் நடைமுறைப்படுத்தியது. இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. நம் பள்ளிகளின் முதல் மணி பெரும்பாலும் ஒன்பதை ஒட்டித்தானே அடிக்கிறது? அவர்கள் சட்டம் போட்டு அடைந்த நேரம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்தை நம் பிள்ளைகளிடமிருந்து பறிப்பது பள்ளி மணியே இல்லை. அதற்கு முன்னால் நாமாகக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொண்ட வகுப்புதான்.

அந்த வகுப்பை எடுத்துவிட்டுப் போட்ட கணக்கு இது. ஒன்பது மணிப் பள்ளிக்கு 7.20 பேருந்து போதும். எழ வேண்டியது 6.15-க்கு. இரவு பத்து மணிக்குப் படுத்தால் எட்டேகால் மணி நேரம் உறங்கலாம். வாரத்தில் ஏழரை மணி நேர டியூஷன் போயிற்று; அதே ஆசிரியரிடம் சனி, ஞாயிறு பத்து மணி முதல் ஒரு மணி வரை என்று ஆறு மணி நேரம் கேட்டு வாங்கினோம். “பிள்ளை பின்தங்கிடும், யோசிச்சுக்கோங்கம்மா” என்று சார் தயங்கினார். நான் நோட்டின் அந்த ஒன்பது பக்கங்களைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, வார இறுதியில் வர ஒப்புக்கொண்டார். வீட்டில் படிக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் குறைந்தது உண்மை. அதை மறைத்து இந்த வழியை யாருக்கும் விற்க மாட்டேன். ஆனால், பகலில் படித்தது நினைவாகப் படிவது உறக்கத்தில்தான் என்பதால், குறைந்த அந்த நேரத்தை முழு நட்டமாகவும் நான் எழுத மாட்டேன்.

மாற்றம் முதல் வாரத்திலேயே வந்துவிடவில்லை. மாலைப் பேருந்தில் அவள் முக்கால் மணி நேரம் உறங்கிக்கொண்டு வந்தாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் உறக்க அழுத்தத்தை அந்த உறக்கம் கரைத்துவிட, இரவு பத்து மணிக்கு மறுபடியும் விழிப்பு. பகல் உறக்கம் வேண்டுமென்றால் இருபது நிமிடம், அதுவும் நான்கு மணிக்கு முன்னால் என்பது பொதுவான அறிவுரை. அதனால் அவள் தோழியை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தான் பேச்சுத்துணையாக வந்தாள். மெத்தையை எடுத்துவிட்டுப் பத்தமடைப் பாயைத் தரையில் விரித்தோம். உறங்கத் தொடங்கும்போது உடல் வெப்பம் இறங்க வேண்டும், கோரை சூட்டைப் பிடித்து வைப்பதில்லை. சனி, ஞாயிறும் ஏழேகாலுக்கு மேல் கிடக்க விடவில்லை. எழுந்ததும் முற்றத்து வெயிலில் நின்று பல் துலக்கச் சொன்னேன்; காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். மூன்றாவது வாரத்தின் முடிவில் பத்தேகாலுக்குள் உறங்கத் தொடங்கினாள். அழுகை நின்றது. புரட்டாசி முடிவதற்குள் தம்பியோடு சண்டை போட ஆரம்பித்தாள். அதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன்.

நேரத்தைக் கொடுத்தும் உறக்கம் வரவில்லை என்றால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதம் உறக்கம் கெட்டால் அது நாட்பட்ட உறக்கமின்மை. ஆனால், மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் முகவாட்டம் தொடர்ந்தாலோ, பிடித்தவற்றில் நாட்டம் போனாலோ, சாப்பாடு குறைந்தாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பலத்த குறட்டை, இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு போன்ற உடல் காரணங்களையும் அவர் பார்ப்பார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையோடு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்றோ, இருந்து என்ன பயன் என்றோ பிள்ளை சொன்னால், அதைப் படிக்காமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று தள்ளாமல், தனியே விடாமல், அன்றைக்கே உதவி தேட வேண்டும். மெடிக்கலில் தாமாகவே உறக்க மாத்திரையோ, உறக்கம் வரட்டும் என்று இருமல் மருந்தோ வாங்கிக் கொடுக்கக் கூடாது. உறக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவதே மாத்திரை இல்லாத சிகிச்சை. படுக்கை பற்றிய பழக்கங்களையும் எண்ணங்களையும் படிப்படியாக மாற்றும் பயிற்சி அது.

எங்கள் முடிவு பொங்கல் வரைக்கும்தான் செல்லும். அதன் பிறகு பள்ளியிலேயே காலை எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். 6.20 பேருந்தைப் பிடிக்க 5.15-க்கு எழ வேண்டும். அப்படியானால் ஒன்பதேகாலுக்கு அவள் உறங்கியாக வேண்டும், அது அவளுக்கு வராது என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அதே வகுப்பை மாலை நான்கரை முதல் ஐந்தரை வரை வைக்க முடியுமா என்று கேட்டு, மேற்கே இருந்து வரும் பிள்ளைகளின் வீட்டார் சேர்ந்து தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். காரணங்களை நீட்டி எழுதவில்லை. ஊர்ப் பெயரையும், எட்டு மணி வகுப்புக்கு அந்த ஊர்ப் பிள்ளை எழ வேண்டிய நேரத்தையும் மட்டும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் எதிரே போட்டிருக்கிறோம்: விக்கிரமசிங்கபுரம் 4.40, அம்பாசமுத்திரம் 5.00, கல்லிடைக்குறிச்சி 5.15, வீரவநல்லூர் 5.30, சேரன்மகாதேவி 5.50.